சாம்பலை எங்கே விட்டாய்?

ஐயம்பேட்டையில் மாலை ஆறு மணிக்கு மேல் தெருவில் நடந்தால் ஏதாவது ஒரு திண்ணையில் ஒரு பொறியியல் மாணவர் ஆய்வக ரெக்கார்டு எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையை ஒட்டிய பட்டு நெசவு ஊர் இது. உள்ளே தறிச் சத்தம். திண்ணையில் மடிமேல் சீனியரின் ரெக்கார்டு, முழங்கால்மேல் தன்னுடையது. கண் ஒரு நோட்டில், கை இன்னொரு நோட்டில், காது செல்போனில் ஓடும் கிரிக்கெட்டில். சீனியரும் அதைத் தன் சீனியரைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். நான் வேலை பார்த்த கல்லூரியில் யாரோ ஒரு புண்ணியவான் குழாயின் விட்டத்தை 25 மில்லிமீட்டர் என்று எழுதுவதற்குப் பதில் 25 சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டார். ஐந்து செட் மாணவர்கள் அதை அப்படியே எழுதினார்கள். எங்கள் ஆய்வகத்தின் கை விரல் தடிமன் குழாய், ரெக்கார்டில் மட்டும் ஏரி மதகு போலப் பெருத்துக் கிடந்தது. ஐந்து ஆண்டும் அதன்கீழ் கையெழுத்து விழுந்தது.

பொறியியல் மாணவர்களுக்கு எழுத வராது, இலக்கணம் தெரியாது என்ற புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் அவர்களுக்கு மொழிப்பாடம் எடுத்தவன். புலம்பியவர்களில் நானும் ஒருவன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். நான்கு ஆண்டுகளில் ஒரு மாணவர் பேனா பிடித்து எழுதுவதில் பெரும்பகுதி ரெக்கார்டுதான். அதை முழுக்கப் பார்த்தெழுதும் வேலையாக வைத்துவிட்டு, முதலாண்டில் இரண்டு பருவம் ஆங்கிலப் பாடம் நடத்தி எழுத்துத் திறனை வரவழைக்கப் பார்க்கிறோம். வாரம் முழுக்க ஆட்டோவில் உட்கார்ந்து போகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடைப்பயிற்சி சொல்லிக் கொடுப்பது போலத்தான் இது.

பாடத்திட்டத்தையும் குறை சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முதலாண்டு ஆங்கிலப் பாடத்தை எடுத்துப் பாருங்கள். வரையறை எழுதுதல், அறிவுறுத்தல் எழுதுதல், ஒரு பொருளையோ செயல்முறையையோ விவரித்தல், பரிந்துரை எழுதுதல் என்று ஒரு பொறியாளருக்கு வேண்டியதெல்லாம் இருக்கும். கோளாறு தேர்வில் வந்து சேர்கிறது. பழைய வினாத்தாள்களில் 'எட்டு அறிவுறுத்தல்கள் எழுதுக', 'எட்டுப் பரிந்துரைகள் எழுதுக' என்று வருவது வழக்கம். ஏன் எட்டு என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. கைடு புத்தகத்தில் எட்டு இருக்கும், எட்டையும் உருப்போடுவார்கள். தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஆறு அறிவுறுத்தலே போதும் என்று நினைத்த ஒரு பெண், மீதி இரண்டுக்கு 'பதற்றப்படாதீர்கள்' என்று ஏழாவதாகவும், 'அமைதியாக இருங்கள்' என்று எட்டாவதாகவும் எழுதியிருந்தார். முழு மதிப்பெண் போட்டேன். வேறென்ன செய்ய!

அந்த அறிவுறுத்தலை நம்பித் தீயை அணைக்கப் போகிறவர் யாரும் இல்லை. மாணவரின் எழுத்தைப் படித்து, அதன்படி கையை நீட்டி ஒரு வேலை செய்கிற மனிதரே அவருடைய நான்காண்டுப் படிப்பில் குறுக்கிடுவதில்லை. படிப்பவர் திருத்துபவர் மட்டுமே. திருத்துபவருக்கோ விடை முன்னாலேயே தெரியும். விடை தெரிந்தவருக்கு எழுதும்போது எழுவாய் எங்கே போனால் என்ன, வினைமுற்று வராவிட்டால்தான் என்ன?

ஒரு பம்பைப் பார்ப்போம். மெக்கானிக்கல், சிவில் மாணவர்கள் இரண்டாமாண்டு வாக்கில் நீரியல் ஆய்வகத்தில் இரண்டு பம்புகளைச் சோதிப்பார்கள். ஒன்று சென்ட்ரிஃபியூகல், மற்றது ரெசிப்ரகேட்டிங். முதல் பம்பைத் தொடங்கும்போது டெலிவரி வால்வை மூடி ஓட்ட வேண்டும், வேகம் பிடித்ததும் திறக்க வேண்டும். தண்ணீர் வெளியேறாத நிலையில்தான் அந்தப் பம்பு குறைந்த சக்தியை இழுக்கும், மோட்டாருக்குச் சுமை ஏறாது. நிறுத்தும்போதும் முதலில் வால்வை மூடிவிட்டு நிறுத்துவதுதான் முறை. இல்லாவிட்டால் மேலே ஏறிய தண்ணீர் திரும்பி வந்து தாக்கும். இரண்டாவது பம்பு நேர்மாறு. பிஸ்டன் தள்ளிய தண்ணீர் எங்காவது போயே ஆக வேண்டும். வால்வை மூடி ஓட்டினால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். குழாயோ பம்போ ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்கும் வரை நிற்காது.

'மூடி ஓட்டு', 'திறந்து ஓட்டு'. 'மூடி நிறுத்து', 'நிறுத்தி மூடு'. வித்தியாசம் முழுக்க ஒரு வினையெச்சத்தில் இருக்கிறது. எது முதலில், எது பிறகு என்பதைத் தமிழ் அந்தச் சின்ன 'இ'யிலும் 'து'விலும் வைத்திருக்கிறது. பம்பு இயக்குபவருக்கு அந்த எழுத்து ஒரு போல்ட்டைப் போல. கழன்றால் இயந்திரம் ஆடும். ஒற்றுப் பிழையைக்கூட இங்கே காட்டலாம். 'மூடிப் பம்பை ஓட்டு' என்று எழுத வேண்டிய இடத்தில் ப்-ஐ விட்டுவிட்டால், மூடி என்பது செயலா, ஜாடிமேல் போடும் மூடியா என்று ஒரு நொடி தடுக்கும். (ஒற்றுக்காக ஒரு பம்பும் வெடிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகுப்பு சிரிக்கும், மறக்காது.)

பன்னிரண்டு ஆண்டு தமிழ் படித்துவிட்டுத்தான் இந்த மாணவர்கள் வருகிறார்கள். 'மூடி' என்பதற்கு இலக்கணக் குறிப்பு கேட்டால் வினையெச்சம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அதைக் கொண்டு ஒரு பம்பைக் காப்பாற்றலாம் என்பது மட்டும் தெரியாது. கடையில் எல்லா ஸ்பேனரின் பெயரும் தெரிந்தவர், ஒரு நட்டையும் கழற்றியதில்லை என்றால் எப்படி இருக்கும்? பள்ளியில் இலக்கணம் பெயர் சொல்லும் விளையாட்டாக முடிந்துவிடுகிறது. கல்லூரியில் அதையே ஆங்கிலத்தில் மறுபடி விளையாடுகிறோம். கோடிட்ட இடத்தை நிரப்புக, செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்குக.

செயப்பாட்டு வினைக்கென்றே ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். அறிவியல் எழுத்து என்றால் 'செய்யப்பட்டது', 'எடுக்கப்பட்டது', 'கண்டறியப்பட்டது' என்றுதான் இருக்க வேண்டும் என்று மாணவர்கள் மனத்தில் எவரோ ஆணி அடித்திருக்கிறார்கள். ஆய்வக ரெக்கார்டில் அதனால் பெரிய கேடில்லை. தொழிற்சாலையின் ஷிஃப்ட் லாக் புத்தகத்தில் 'வால்வு மூடப்பட்டது' என்று எழுதிவிட்டு இரவுப் பணியாளர் வீட்டுக்குப் போய்விட்டால்? யார் மூடினார், எத்தனை மணிக்கு, எந்த வால்வை? காலையில் வருபவருக்கு அந்த வாக்கியம் எதையும் சொல்லாது. வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால் 'உடைஞ்சிடுச்சு' என்று சொல்லும் பிள்ளைக்கு இந்த இலக்கணம் நன்றாகத் தெரியும். யார் உடைத்தது என்று கேட்கும் அம்மாவுக்கும் தெரியும்.

இன்னொரு வாக்கியம். 'எல்லா விளக்கும் எரியவில்லை.' மின்பணியாளர் எழுதி வைத்த ஒரு குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விளக்கும் எரியவில்லையா, அல்லது சில எரிந்து சில எரியவில்லையா? முதலாவது என்றால் மெயினைப் பார்க்க வேண்டும், இரண்டாவது என்றால் அந்தந்த லைனை. ஏணியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதே இந்த வாக்கியத்தின் பொருளைப் பொறுத்தது. எதிர்மறை வினையோடு சேரும் முற்றும்மை, மிச்சம் இருக்கிறது என்ற எச்சப்பொருளையும் தரும் என்பதைப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டு நன்னூலிலேயே சொல்லிவிட்டார். அவர் விளக்கைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அந்த உம்மை அன்றைக்குப் போலவே இன்றைக்கும் இரண்டு பக்கமும் ஆடுகிறது.

இதில் நானும் அடி வாங்கியவன். 'ரெக்கார்டு முடிக்காதவர்கள் எல்லாரும் தேர்வு எழுத முடியாது' என்று ஒருமுறை அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினேன். ஒரு பையன் வந்து, முகத்தைப் பச்சைப் பிள்ளை போல வைத்துக்கொண்டு, "அப்போ சில பேர் எழுதலாமா சார்?" என்றான். கோபம் வந்தது. அறைக்குப் போய் உட்கார்ந்து யோசித்தபோது அவன் பக்கம்தான் நன்னூல் நின்றது. கிழித்துவிட்டு, 'ரெக்கார்டு முடிக்காத எவரும் தேர்வு எழுத முடியாது' என்று மாற்றி எழுதினேன். அன்றிலிருந்து முற்றும்மை பாடத்தை என் அறிவிப்பிலிருந்துதான் தொடங்குவேன்.

நன்னூலின் பாயிரம் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்துப் பெயர் வைத்திருக்கிறது. தொழில்நுட்ப எழுத்துக்கு இதைவிடச் சுருக்கமான சரிபார்ப்புப் பட்டியல் எனக்குத் தெரியாது. விளக்கு வாக்கியம் அதில் மயங்க வைத்தல். மாணவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் முதல் அத்தியாயம் முழுக்க, 'இன்றைய நவீன உலகில் மின்சாரம் இன்றியமையாதது' என்று தொடங்கிப் பத்துப் பக்கம் ஓடுமே, அது வெற்றெனத் தொடுத்தல். குன்றக் கூறல் என்று ஒன்று இருக்கிறது. அதை எனக்குப் புரிய வைத்தது நூலல்ல, ஐயம்பேட்டையில் ஓர் அம்மா.

2022இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் முதலாண்டில் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு பாடங்களைக் கொண்டுவந்தது. இரண்டாவது பாடத்தின் முதல் அலகே நெசவும் பானைத் தொழில்நுட்பமும்தான். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் எங்கள் ஊர்ப் பையன் அதில் என்ன செய்தான் தெரியுமா? சங்க காலத்தில் நெசவு எப்படி இருந்தது என்பதற்கு நோட்ஸைப் பார்த்து ஒன்றரைப் பக்கம் எழுதினான். கலிங்கம், துகில் என்று சொற்கள் எல்லாம் இருந்தன. முதல் அறையில் அவன் அப்பா கோர்வைச் சேலை நெய்துகொண்டிருந்தார். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"உங்க வீட்டுல பாவு தீர்ந்துபோனா என்ன பண்ணுவாங்க?" என்றேன்.

"புதுப் பாவைப் பழசோட சேர்ப்பாங்க சார். அம்மாதான் செய்வாங்க."

"அதை எழுதிக்கிட்டு வா. உன்கூடப் படிக்கிற தேனிப் பையன் படிச்சிட்டு அதே மாதிரி செய்யணும்."

இரண்டு நாள் கழித்து வந்த பக்கம் இப்படித் தொடங்கியது: 'முந்தைய செங்குத்து நூல்களின் முனைகளுடன் புதிய செங்குத்து நூல்கள் முறையாக இணைக்கப்படுகின்றன.' வீட்டில் பிறந்ததிலிருந்து கேட்ட பாவு என்ற சொல் எங்கே போயிற்று? கேட்டேன். "அது வீட்டுல பேசறது சார், எக்ஸாம்ல எழுதலாமா?" என்றான். எனக்கு எங்கோ தைத்தது. பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா, பேட்டு, கோர்வை என்று நூற்றுக்கணக்கான துல்லியமான சொற்கள் புழங்கும் வீட்டில் பிறந்தவன், அவற்றை வாசலிலேயே விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாத 'முறையாக' என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருகிறான்.

அந்தப் பக்கத்தை அம்மாவிடம் படித்துக் காட்டச் சொன்னேன். சனிக்கிழமை நானும் போயிருந்தேன். அந்த அம்மா தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புதுப் பாவை இணைத்துக்கொண்டிருந்தார். பழைய பாவின் இழை நுனி ஒன்று, புதுப் பாவின் இழை நுனி ஒன்று. இரண்டையும் சேர்த்து விரலால் ஒரு முறுக்கு, மடக்கி இன்னொரு முறுக்கு. அடுத்த இழை. இப்படி ஆயிரக்கணக்கில். பையன் படித்தான். அம்மா கை நிறுத்தாமல் கேட்டார். முடித்ததும் சொன்னார்:

"எல்லாம் சரிடா. சாம்பலை எங்கடா வுட்ட? சாம்பல் தொடாம முறுக்கினா பட்டு வழுக்கிக்கினு போவும்."

அவர் அருகில் ஒரு கொட்டாங்கச்சியில் சாம்பல் இருந்தது. ஒவ்வொரு சில இழைக்கும் ஒருமுறை விரல் தன்னால் அதைத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்த பையன் கண்ணில் அது பட்டதே இல்லை. தினம் பார்ப்பது எழுத்தில் விழாது. தெரிந்தவர் எழுதும்போது விட்டுப்போவதும், தெரியாதவர் செய்யும்போது மாட்டிக்கொள்வதும் அந்த இடத்தில்தான்.

தேனிப் பையன் சாம்பல் இல்லாத பக்கத்தை வைத்து முயன்று பார்த்தான். பத்து இழையில் ஏழு கழன்றுகொண்டன. பிறகு இரண்டாவது முறை எழுதியதில் சாம்பல் வந்தது, இழையை எந்தக் கையால் பிடிப்பது என்பது வந்தது, எவ்வளவு நீளம் விட்டுக்கொள்வது என்பது வந்தது. 'இணைக்கப்படுகின்றன' போய் 'முறுக்கு', 'மடக்கு', 'விடு' என்று ஏவல் வினைகள் வந்தன. யாரும் இலக்கணப் பாடம் எடுக்கவில்லை. தேனிப் பையன் "இதுக்கப்புறம் என்னடா பண்ணணும்?" என்று கேட்ட இடத்தில் எல்லாம் ஒரு வினையெச்சமோ 'பிறகு'வோ முளைத்தது. பிறகு அதே பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். 'ஏ', 'தி' எல்லாம் வழக்கம்போல் தாறுமாறாக விழுந்திருந்தன. அவற்றைத் திருத்த அரை மணி நேரம் ஆயிற்று. ஆனால் அதைப் படித்தவர் எந்த இடத்திலும் வழி தவறவில்லை. முன்பு அவன் எழுதிய ஆங்கிலத்தில் 'ஏ', 'தி' சரியாக இருந்தன, ஏனென்றால் அது கைடின் ஆங்கிலம்.

இங்கே ஒரு கேள்வி எழும். வேலை ஆங்கிலத்தில், நேர்முகம் ஆங்கிலத்தில், மின்னஞ்சல் ஆங்கிலத்தில். தமிழில் எழுதப் பழகி என்ன பயன்? நான் தமிழ்வழிப் பொறியியலுக்கு வாதாட வரவில்லை. 2010இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழில் தொடங்கினார்கள். சேர்பவர் குறைந்தார்கள். 2023 மே மாதத்தில் உறுப்புக் கல்லூரிகளில் நிறுத்துவதாக அறிவிப்பு வந்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. அந்த வாதம் தனி. நான் சொல்வது, ஒரு செயலை வரிசைப்படுத்தி, விட்டுப்போனதைக் கண்டுபிடித்து, இரட்டைப் பொருளை ஒற்றைப் பொருளாக்கும் பழக்கத்தைத் தெரிந்த மொழியில் முதலில் பெற வேண்டும் என்பது. வாக்கியத்தையும் சொல்லையும் பொருளையும் ஒரே நேரத்தில் தேடுகிறவருக்கு மூன்றும் கிடைக்காது. அப்போதுதான் கைடு கிடைக்கிறது.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைக்குள் போய்ப் பாருங்கள். மேலாளருக்குப் போகும் மின்னஞ்சல் ஆங்கிலம்தான். இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கும் பணி அறிவுறுத்தல் தமிழிலும் இந்தியிலும் இருக்கும். அதை எழுதுவதோ மொழிபெயர்த்துக் கொடுப்பதோ பெரும்பாலும் புதிதாய்ச் சேர்ந்த பொறியாளர்தான். அரசுப் பணிக்குப் போகிறவருக்கோ, 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாளில் 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்ற தாளையே திருத்துவார்கள். அதற்காகப் பயிற்சி மையங்களில் மறுபடி இலக்கணக் குறிப்பை உருப்போடுகிறார்கள். வேலையில் சேர்ந்தபின் 'புதிய பம்பு வால்வு வேண்டும்' என்று இண்டென்ட் போடுவார்கள். புதிதாக வேண்டியது வால்வா, இல்லை புதிதாக வந்த பம்புக்கு வால்வா? ஸ்டோரில் இருப்பவர் தனக்கு வசதியானதை அனுப்புவார்.

இரு மொழியிலும் எழுதக்கூடிய பொறியாளர்கள் நமக்குப் புதிதல்ல. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1950களில் விமானப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த அப்துல் கலாம், அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே கட்டுவோம் என்ற பொருளில் தமிழில் ஒரு கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கினார். பரிசைக் கொடுத்தவர் ஆனந்த விகடனின் தேவன். அதே எம்.ஐ.டி.யில் படித்து பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த ரங்கராஜன்தான் சுஜாதா. நீரியல் அறிஞர் வா.செ.குழந்தைசாமி, அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோதே வள்ளுவத்தைப் பற்றி எழுதிச் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் பக்கத்துக் காஞ்சிபுரத்தில் பிறந்தவர், இரு மொழியிலும் வாக்கியத்தை இஷ்டத்துக்கு வளைத்தவர். நாம் அந்தப் பெயரை முகப்பில் வைத்துவிட்டு, உள்ளே எட்டு அறிவுறுத்தலை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

எழுத்து சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்று மாணவர்கள் கேட்டால் நான் ஓர் அமெரிக்கக் கதையைச் சொல்வேன். இதுவும் பம்பும் வால்வும்தான். 1977 செப்டம்பரில் ஒஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டது. இயக்குபவர்கள் அவசரக் குளிர்நீர் பாய்ச்சலைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். நல்ல வேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. உலையைக் கட்டிய பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பெர்ட் டன், இது ஆபத்து, இப்படி நிறுத்தக் கூடாது என்று இயக்குபவர்களுக்குச் சொல்லுங்கள் என 1978 பிப்ரவரியில் ஒரு குறிப்பு எழுதினார். அது நிறுவனத்துக்குள் மேசைக்கு மேசை போயிற்று, சந்தேகங்கள் எழுந்தன, பதில் வரத் தாமதமாயிற்று. இயக்குபவர் கைக்கு அறிவுறுத்தலாகப் போய்ச் சேரவே இல்லை. 1979 மார்ச் 28 அன்று, அதே நிறுவனம் கட்டிய திரீ மைல் ஐலண்ட் உலையில் வால்வு அதேபோல் மாட்டியது. இயக்குபவர்கள் அதேபோல் நீரைக் குறைத்தார்கள். உலை மையத்தின் ஒரு பகுதி உருகியது. விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜான் கெமெனி. நம்மில் பலர் பள்ளியில் படித்த பேசிக் கணினி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். டன் தெளிவாகத்தான் எழுதினார். எழுதியது வேலை செய்யப் போகிறவர் கண்ணில் படவில்லை. வாக்கியத்தைச் சரியாக அமைப்பதோடு எழுதுபவர் வேலை முடிவதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது சாட்ஜிபிடி வந்துவிட்டது, இலக்கணப் பிழையே இருக்காது, இனி எதற்கு இந்த வம்பு என்கிறார்கள் சக ஆசிரியர்கள். உண்மைதான், இரண்டு ஆண்டுகளாக மாணவர் கடிதங்களில் பிழை காணாமல் போய்விட்டது. சாம்பலும்தான் காணாமல் போய்விட்டது. எத்தனை விளக்கு எரியவில்லை என்பதை ஏணியில் ஏறிப் பார்த்தவர் சொன்னால்தான் அந்த இயந்திரத்துக்கும் தெரியும்.

என்ன செய்யலாம்? புதிய பாடம் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் ரெக்கார்டைக் கையில் எடுத்தாலே போதும். நோக்கம், கருவிகள், செய்முறை ஆகியவற்றை அச்சிட்டே கொடுத்துவிடலாம், பார்த்தெழுதி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த நேரத்தில் மாணவர் ஒரே ஒரு பக்கம் எழுதட்டும். இன்று என்ன செய்தேன், எங்கே தவறியது, அளவு ஏன் புத்தகத்தில் உள்ளதுபோல் வரவில்லை, அடுத்த வாரம் வரும் குழு எதைப் பார்த்துச் செய்ய வேண்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ. அந்தப் பக்கத்தை அடுத்த வாரக் குழு படிக்க வேண்டும், அதன்படி செய்ய வேண்டும். குழம்பினால் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அந்தக் குழப்பத்தைவிடப் பெரிய இலக்கண ஆசிரியர் இல்லை.

மொழி ஆசிரியர் வாரத்தில் ஒரு நாள் ஆய்வகத்தில் உட்கார வேண்டும். அறுபது பக்கத்தையும் திருத்த முடியாது, தெரியும். ஐந்தைத் திருத்தி எல்லார் முன்னாலும் படித்தால் மீதி ஐம்பத்தைந்தும் கொஞ்சம் தானே திருந்தும். முக்கியமாக, துறை ஆசிரியர் 'எழுத்து இங்கிலீஷ் டிபார்ட்மென்ட் வேலை' என்று சொல்வதை நிறுத்த வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2001இலிருந்து எழுத்தும் பேச்சும் செறிந்த நான்கு பாடங்களை எல்லா மாணவருக்கும் கட்டாயமாக்கியது. அவற்றில் இரண்டு மாணவரின் சொந்தத் துறைப் பாடங்கள். பம்பு சொல்லிக் கொடுப்பவரே பம்பைப் பற்றி எழுதவும் சொல்லிக் கொடுக்கிறார். நம் ஊரில் இதற்குப் பெரிய செலவில்லை. சிவப்புப் பேனா ஏற்கெனவே துறை ஆசிரியர் பையில்தான் இருக்கிறது.

அண்மையில் ஒரு மாலை திண்ணையில் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தவன் சாம்பல் பையன்தான். இப்போது இரண்டாமாண்டு. ரெசிப்ரகேட்டிங் பம்பு. சீனியர் நோட்டைப் பார்த்து வரிக்கு வரி எழுதிக்கொண்டிருந்தான். "நீயுமாடா?" என்றேன். எழுந்து நின்றான். "சொந்தமா எழுதினா கையெழுத்து போட மாட்டாங்க சார்" என்றான். உட்காரச் சொன்னேன்.

மறுவாரம் அவனே நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். முடிவுக்குக் கீழே, மிச்சமிருந்த இடத்தில், பென்சிலில் தமிழில் மூன்று வரி எழுதியிருந்தான். போன வாரம் சென்ட்ரிஃபியூகல் ஓட்டிய பழக்கத்தில் இன்றைக்கும் டெலிவரி வால்வை மூடி பம்பைப் போட்டோம். அழுத்தமானியின் முள் கடைசிக் கோட்டைத் தொட்டது, லேப் அண்ணன் ஓடி வந்து சுவிட்சை அணைத்தார். அடுத்து வருகிறவர்கள் வால்வைத் திறந்துவிட்டு, திறந்திருக்கிறதா என்று கையால் திருகிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு சுவிட்சைப் போடவும்.

'மூடி'க்குப் பிறகு ப் இல்லை. மூன்று வரிமேலும் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் 'தேவையற்றது'. கீழே கையெழுத்து, தேதி.